புள்ளியை நகர்த்தினால் அளவு வந்துவிடுமா?

மீட்டரைச் சென்டிமீட்டராகவும் சென்டிமீட்டரை மில்லிமீட்டராகவும் மாற்றுவதுதான் பள்ளிக் கணக்கில் குழந்தைகள் சந்திக்கும் முதல் அலகு மாற்றங்களில் ஒன்று. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் அது 'அளவைகள்' பாடத்தில் வருகிறது. அந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதில் ஆசிரியர், பெற்றோர், டியூஷன் எடுப்பவர் என்று எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே கருத்துதான். மெட்ரிக் முறையில் எல்லாம் பத்தின் மடங்கு. ஆகவே அலகு மாற்றம் என்பது புள்ளியை வலப்பக்கமோ இடப்பக்கமோ நகர்த்துவது. கிலோமீட்டர், ஹெக்டோமீட்டர், டெகாமீட்டர், மீட்டர், டெசிமீட்டர், சென்டிமீட்டர், மில்லிமீட்டர் என்று ஏழு படிகளைக் கரும்பலகையில் வரைந்து மனப்பாடம் செய்ய வைத்தால் போதும். கீழே இறங்கினால் பெருக்கு, மேலே ஏறினால் வகு, ஒரு படிக்கு ஒரு பூஜ்ஜியம்.

இந்தக் கருத்துக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வரும்வரை இந்தியக் குழந்தைகள் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று கணக்குப் போட்டார்கள். நீளத்தில் 12 அங்குலம் ஓர் அடி, 3 அடி ஒரு கஜம், 220 கஜம் ஒரு பர்லாங், 8 பர்லாங் ஒரு மைல். மைலுக்கு எத்தனை அங்குலம் என்ற கேள்விக்கு 63,360 என்று விடை சொல்ல மூன்று பெருக்கல் வேண்டும். மூன்றிலும் பெருக்கும் எண் வேறு வேறு. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி படிப்படியாக வந்து 1962-இல் நாடு முழுவதும் கட்டாயமான மெட்ரிக் முறை அந்தச் சுமையை இறக்கி வைத்தது. பத்தின் மடங்கு என்பதுதான் அதன் பெருமை, அந்தப் பெருமையைக் குழந்தைக்கு நேராகக் காட்டுவது படிக்கட்டு என்பது இத்தரப்பின் வாதம். நடைமுறைக் காரணமும் உண்டு. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பு, முக்கால் மணிக்கும் குறைவான பாடவேளை, அளந்து பார்க்கப் பொருள் எதுவும் கிடையாது. படிக்கட்டை ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடலாம். தேர்வில் விடையும் சரியாக வரும், மதிப்பெண்ணும் வரும்.

இத்தனையும் உண்மை. முடிவு மட்டும் தவறு. படிக்கட்டு முறை எண்ணை எப்படிக் கையாள்வது என்று சொல்லித்தருகிறது. நீளத்தைப் பற்றி எதையும் சொல்லித்தருவதில்லை. மாற்றப்படுவது நீளத்தின் பெயர். நீளம் அப்படியேதான் இருக்கிறது. இதை உணராமல் கற்ற குழந்தை, 'மாற்றுக' என்ற சொல் இல்லாத எல்லா இடங்களிலும் தடுமாறும்.

இந்தக் கருத்தை உரசிப் பார்க்கத் தமிழ்நாட்டில் விருத்தாசலத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் இருக்கும் இந்த ஊரின் செராமிக் பட்டறைகளில் பொம்மை, அகல் விளக்கு, சாடி, மின்சார ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் எல்லாம் தயாராகின்றன. கழிவுநீருக்கான ஸ்டோன்வேர் குழாய் செய்யும் ஆலையைத் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் இங்கே நடத்தியிருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்புத் தரும் அரசுக் கல்வி நிறுவனமும் இங்கே இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலி; அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அகற்றும்போது வெளிப்படும் களிமண் இந்தத் தொழிலுக்கு உதவுகிறது. இங்கே எல்லாப் பட்டறைக்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு: சூளைக்குள் போகும் பொருளின் நீளம் வேறு, வெளியே வரும் பொருளின் நீளம் வேறு. மண் காயும்போது ஒரு முறை சுருங்கும், வேகும்போது மறுபடி சுருங்கும். எனவே இந்த ஊரில் மில்லிமீட்டர் என்பது பொருள் தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிக்கும் அளவு. அந்தத் தொழிலுக்குப் படிக்கட்டு எதைத் தருகிறது என்று கேட்டால் விடை வெளிவந்துவிடும்.

1. முதலில், புள்ளி நகர்வதே இல்லை. பத்தால் பெருக்கும்போது ஒவ்வோர் இலக்கமும் இடமதிப்பில் ஓர் இடம் உயர்கிறது. ஒன்றுகள் பத்துகள் ஆகின்றன, பத்தில் ஒன்றுகள் ஒன்றுகள் ஆகின்றன. புள்ளி, ஒன்றுகளின் இடம் எங்கே முடிகிறது என்று காட்டும் குறி மட்டுமே. நகர்வது இலக்கமா புள்ளியா என்று பிரித்துப் பேசுவது வெறும் சொல் திருத்தம் போலத் தோன்றலாம். விளைவைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 7 சென்டிமீட்டரை மீட்டராக்கச் சொன்னால், புள்ளியை நகர்த்தப் பழகிய குழந்தை முதலில் 7-இல் புள்ளி எங்கே என்று தேடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாததால் 0.7 என்றோ 700 என்றோ எழுதிவிடுகிறது. 'இரண்டு பூஜ்ஜியம் சேர்' என்று பழகிய குழந்தை 2.5 மீட்டரை 2.500 சென்டிமீட்டர் ஆக்குகிறது.

இவற்றைவிடப் பெரிய சறுக்கல் 3 மீட்டர் 5 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதைத் தயங்காமல் 3.5 மீட்டர் என்று எழுதும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். சரியான விடை 3.05 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 45 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம். ஒரு முழம் காணாமல் போனது தெரியாத அளவுக்கு அந்தக் குழந்தைக்கும் அந்த நீளத்துக்கும் தொடர்பு அறுந்திருக்கிறது. பெரியவர்களும் இதிலிருந்து தப்புவதில்லை. ஐந்தடி ஆறு அங்குல உயரத்தை '5.6' என்று எழுதும் வழக்கம் எங்கும் உண்டு. ஐந்தடி ஆறு அங்குலம் என்பது 167.6 செ.மீ.; 5.6 அடி என்பதோ 170.7 செ.மீ. புள்ளிக்குப் பின்னால் வருவது பத்தில் எத்தனை என்ற அறிவு பதியாத இடத்தில் இந்த மூன்று சென்டிமீட்டர் யாருக்கும் உறுத்தாது.

2. பெருக்குவதா வகுப்பதா என்பதை மனப்பாடத்தால் தீர்மானிக்க முடியாது. அலகு பெரிதானால் எண் சிறிதாகும். அலகு சிறிதானால் எண் பெரிதாகும். குழந்தைக்கு இது இயல்பாக வருவதில்லை. மீட்டர் பெரியது, ஆகவே மீட்டராக மாற்றும்போது எண்ணும் பெரிதாக வேண்டும் என்று நினைப்பதுதான் அதற்கு இயல்பு. ஏறினால் வகு, இறங்கினால் பெருக்கு என்ற சூத்திரம் இந்த நினைப்பைத் திருத்துவதில்லை, மூடி வைக்கிறது. தேர்வு முடிந்து மூன்று மாதம் கழித்து ஏறினால் பெருக்கா வகுத்தலா என்பது மறந்துபோகும். அப்போது குழந்தையிடம் எஞ்சியிருப்பது பழைய தவறான நினைப்பு மட்டும்தான். ஒரே மேசையை முதலில் தீக்குச்சியாலும் பிறகு ஸ்கேலாலும் அளந்த குழந்தைக்கு இந்தக் குழப்பம் வராது. சிறிய குச்சியை அதிக முறை வைக்க வேண்டியிருந்ததை அதன் கையே அறியும்.

திசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு பாலம் சாட்சி. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் ஆற்றின் மேல் லாவுஃபென்பர்க் என்ற இடத்தில் பாலம் கட்டினார்கள். இரு நாடுகளும் கடல்மட்ட உயரத்தை வெவ்வேறு கடலிலிருந்து கணக்கிடுகின்றன. இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் 27 செ.மீ. இது பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். கணக்கிலும் சேர்த்தார்கள். சேர்த்த திசைதான் தவறு. 2003-இல் இரு கரையிலும் எழும்பிய பகுதிகளின் உயரத்தில் 54 செ.மீ. வித்தியாசம் இருப்பது தெரிய வந்தது. 27 என்ற எண்ணில் பிழையே இல்லை. கூட்டுவதா கழிப்பதா என்பதில்தான் பிழை. எண்ணைச் சரியாகவும் திசையைக் குருட்டுத்தனமாகவும் கற்பிக்கும் பாடம் இதே பிழைக்குத்தான் பிள்ளைகளைப் பழக்குகிறது.

3. விடை சரியா என்று பார்க்கும் கண்ணைப் படிக்கட்டு தருவதில்லை. கதவின் உயரம் 200 செ.மீ.; மீட்டரில் எவ்வளவு? ஒரு குழந்தை 0.2 என்று எழுதுகிறது. முழங்காலுக்கும் கீழே நிற்கும் கதவு. ஒரு மீட்டர் என்பது தன் உடம்பில் எதுவரை வரும் என்று தெரிந்த குழந்தை அந்த விடையைத் தானே அடித்துவிடும். தெரியாத குழந்தைக்கு 0.2, 2, 20 எல்லாம் ஒன்றுபோலத்தான். 'இப்போதுதான் போன் இருக்கிறதே, எண்ணைத் தட்டினால் மாற்றிக் கொடுத்துவிடும்' என்ற வாதமும் இங்கேயே விழுகிறது. தட்டிய எண்ணைத்தான் போன் மாற்றும். தட்டியது தவறு என்று அது சொல்லாது. சொல்ல வேண்டியது தட்டியவரின் கண்.

அந்தக் கண் ஸ்கேலைப் பிடிப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்ஜியம் ஓரத்தில் இருப்பதில்லை; சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும். ஓரத்திலிருந்து அளக்கும் குழந்தை ஒவ்வொரு முறையும் அந்தச் சில மில்லிமீட்டரை இழக்கிறது. 1-இலிருந்து அளக்கும் குழந்தை முழுதாக ஒரு சென்டிமீட்டரைக் கூட்டிக்கொள்கிறது. 2003-இல் அமெரிக்க தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு பற்குச்சியை ஸ்கேலின் 8-க்கும் பத்தரைக்கும் நடுவே வைத்து நீளம் கேட்டார்கள். விடை இரண்டரை அங்குலம். நான்காம் வகுப்புக் குழந்தைகளில் பெரும்பாலோர் தவறினார்கள். குச்சி முடியும் இடத்தைப் பார்த்துப் பத்தரை என்றார்கள், அல்லது இடையிலுள்ள எண்களை எண்ணி மூன்றரை என்றார்கள். நீளம் என்பது இரண்டு முனைகளுக்கு இடைப்பட்ட தூரம் என்பதே பதியாத குழந்தைக்கு அந்த நீளத்தை ஏழு பெயர்களில் சொல்லக் கற்பிப்பதில் பயன் இல்லை. தமிழகத்துக் கோயில் சுவர்களில் நிலமளக்கும் கோலின் நீளத்தை இரு முனைக்கும் குறியிட்டுக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊரார் வந்து தங்கள் கோலை ஒட்டவைத்துப் பார்க்க முடிந்தது. அளவு என்பது முதலில் கண்ணால் காணும் பொருள் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

4. எந்த அலகில் பேசுவது என்பதே பாதிக் கணக்கு. வகுப்பறையில் அலகைத் தேர்ந்தெடுப்பது வினாத்தாள். குழந்தை மாற்றிக் கொடுக்க மட்டுமே செய்கிறது. வேலையில் இது தலைகீழ். ஒரே நீளத்தை எந்த அலகில் சொன்னால் உண்மை தெளிவாகத் தெரியும் என்பதை வேலை செய்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பீங்கான் மண் எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கும் சோதனை இதற்கு மிக நல்ல பாடம். பிசைந்த மண்ணைத் தட்டி ஒரு பட்டை செய்கிறார்கள். அது ஈரமாக இருக்கும்போதே கத்தி முனையால் குறுக்கே இரண்டு கோடு கீறுகிறார்கள். கோடுகளுக்கு நடுவே சரியாக 10 செ.மீ. பட்டை வளையாமல் மெதுவாகக் காய வேண்டும். காய்ந்த பிறகு ஒரு முறை, சூளையில் வெந்த பிறகு ஒரு முறை, அதே கோடுகளுக்கு நடுவே அளக்கிறார்கள். ஏன் 10 செ.மீ.? அதை 100 மி.மீ. என்று சொல்லிப் பார்த்தால் காரணம் விளங்கும். குறைந்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு சதவீதம். காய்ந்தபின் 95 மி.மீ. என்றால் ஐந்து சதவீதம், வெந்தபின் 90 மி.மீ. என்றால் மொத்தம் பத்து சதவீதம். கணக்கே போட வேண்டாம், ஸ்கேலே சொல்லிவிடுகிறது. அதே நீளத்தை 0.1 மீட்டர், 0.09 மீட்டர் என்று சொன்னாலும் பொய் இல்லை; ஆனால் கண்ணுக்கு எதுவும் புலப்படாது. 10 செ.மீ.யும் 100 மி.மீ.யும் 0.1 மீட்டரும் சமம் என்று மட்டும் கற்ற குழந்தைக்கு, அவற்றில் ஒன்று மற்ற இரண்டைவிட ஏன் பயனுள்ளது என்ற கேள்வியே எழாது. அலகு மாற்றத்தைக் கண்டுபிடித்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

அடுத்தது இன்னும் ஆழமான இடம். ஒரு ஃபியூஸ் கட்டையில் திருகு ஏறும் இரண்டு துளைகளுக்கு நடுவே 63 மி.மீ. வேண்டும், அந்த மண் மொத்தம் 10 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொள்வோம். அச்சில் துளைகளை எவ்வளவு தள்ளி வைப்பது? 63-உடன் அதன் பத்து சதவீதத்தைக் கூட்டி 69.3 என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அந்த அச்சில் வந்த கட்டை வெந்து முடிந்தால் துளைகளுக்கு நடுவே 62.4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். சுருக்கம் கணக்கிடப்படுவது ஈரத்தில் இருந்த நீளத்தை வைத்து. ஆகவே 63-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். விடை 70 மி.மீ. இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தக் குறைவில்தான் திருகு நுழைவதும் நுழையாததும் இருக்கிறது. மரத்தை இழைத்துச் சரிசெய்யலாம், துணியைப் பிரித்துத் தைக்கலாம். வெந்த பீங்கானில் துளையை இடம் மாற்ற வழியில்லை. கட்டை கழிவுக்குத்தான் போகும். பத்து வயதுக் குழந்தை இந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை. ஆனால் 100 மி.மீ. இடைவெளி 90 ஆனதை அது தன் கண்ணால் பார்த்திருந்தால், பின்னால் சதவீதம் வரும்போது இந்தக் கேள்வி அதற்குப் புதிதாக இருக்காது. எல்லாப் பிள்ளைகளும் பீங்கான் வேலைக்கா போகப் போகிறார்கள் என்று கேட்கலாம். போக வேண்டாம். தையல், தச்சு, கட்டட வேலை, நர்சிங், பொறியியல் என்று எங்கே போனாலும் எந்த அலகில் பேசுவது என்ற முடிவு அவர்கள் கையில்தான் வந்து நிற்கும்.

5. எண்ணில் சமமாக இருப்பது செய்தியில் சமம் ஆகிவிடாது. 3 மீட்டரும் 3000 மி.மீ.யும் படிக்கட்டின்படி ஒன்று. ஒரு கொத்தனாரிடம் 3 மீட்டர் என்று சொன்னால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்பின் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார். வரைபடத்தில் 3000 என்று எழுதினால் மில்லிமீட்டர் சுத்தமாக வேண்டும் என்று பொருள். 'சுமார் இரண்டடி' என்பதை '60.96 செ.மீ.' என்று மாற்றுவதும் இதே வகைத் தவறு. சுமார் என்ற சொல் எங்கோ போய்விட்டது, இல்லாத துல்லியம் வந்து ஒட்டிக்கொண்டது.

6. பரப்பளவு வந்த உடனே படிக்கட்டு இடிந்து விழுகிறது. ஒரு மீட்டருக்கு 100 செ.மீ.; ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு 100 சதுர செ.மீ. என்று எழுதாத வகுப்பு எங்கும் இல்லை. சரியான எண் 10,000. குழந்தையின் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒரு படிக்கு ஒரு பூஜ்ஜியம் என்று சொல்லிக் கொடுத்ததே பள்ளிதான். பக்கம் ஒரு மீட்டர் உள்ள சதுரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து, ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் ஒரு வரிசையில் நூறு, அப்படி நூறு வரிசை என்று ஒரு முறை காட்டிவிட்டால் எந்தச் சூத்திரமும் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நேரடியான தேவை இருக்கிறது. பட்டாவில் நிலத்தின் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற மெட்ரிக் அலகுகளில் எழுதப்படுகிறது. விற்பதும் வாங்குவதும் சென்டிலும் ஏக்கரிலும் நடக்கிறது. பக்கம் 100 மீட்டர் உள்ள சதுரம் ஒரு ஹெக்டேர். பக்கம் 10 மீட்டர் உள்ள சதுரம் ஓர் ஏர். பக்கம் பத்தில் ஒன்று ஆனால் பரப்பு நூறில் ஒன்று ஆகிறது; ஆகவே ஹெக்டேருக்கு 100 ஏர். ஓர் ஏர் ஏறத்தாழ இரண்டரை சென்ட். இது தெரியாதவர் தன் பட்டாவையே அடுத்தவர் வாயால்தான் படிக்க வேண்டும்.

கன அளவில் நிலைமை இன்னும் கடுமை. விருத்தாசலத்துச் சாடிக்கே வருவோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து பத்து சதவீதம் சுருங்கினால் கொள்ளளவு பத்து சதவீதம் குறையும் என்று படிக்கட்டில் பழகிய மனம் நினைக்கும். 0.9-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.729. ஈரத்தில் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள சாடி, வெந்து வரும்போது 729 மில்லிலிட்டர்தான் பிடிக்கும். கால் பங்குக்கும் மேல் காணோம்.

7. அடியும் அங்குலமும் செத்துவிட்டன என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் உண்மை. சட்டப்படி மெட்ரிக்தான், 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. ஆனால் மனையின் விலை சதுர அடியில், தையல் டேப்பின் பேச்சு அங்குலத்தில், தண்ணீர்க் குழாய் 'அரை இஞ்ச்', 'முக்கால் இஞ்ச்'. வகுப்பறையில் மெட்ரிக்குக்கு உள்ளேயே மாற்றிக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்தவுடன் குழந்தை இரண்டு முறைகளுக்கு நடுவே நிற்கிறது. அந்த இடைவெளியில் பணம் போகிறது.

பீங்கான் டைல்ஸ் இதற்குச் சரியான உதாரணம். கடையில் 'ரெண்டுக்கு ரெண்டு' என்று கேட்டு வாங்கும் டைல்ஸின் பெட்டியில் 600 × 600 மி.மீ. என்று அச்சிட்டிருக்கும். ஓர் அங்குலம் என்பது துல்லியமாக 25.4 மி.மீ.; ஆகவே இரண்டடி என்பது 609.6 மி.மீ. ஒரு டைல்ஸில் 9.6 மி.மீ. குறைவு. இருபது அடிக்கு இருபது அடி உள்ள ஓர் அறைக்கு வரிசைக்குப் பத்து, மொத்தம் நூறு என்று வாய்க்கணக்கு சொல்லும். இருபது அடி என்பது 6096 மி.மீ. பத்து டைல்ஸ் 6000 மி.மீ. நடுவே ஒன்பது இடைவெளிக்கு இரண்டிரண்டு மி.மீ. விட்டாலும் 18 போக மீதி 78 மி.மீ. சுவரோரம் நான்கு விரல் அகலத்துக்கு வெறுந்தரை தெரியும். அதை மூட டைல்ஸ் வெட்டித்தான் ஆக வேண்டும். ஒரு டைல்ஸில் அத்தகைய துண்டு ஏழு கிடைக்கும், இரண்டு ஓரத்துக்கும் மூலைக்கும் சேர்த்து 21 துண்டு வேண்டும். ஆக 103, வெட்டும்போது உடைவது தனி. ஆறாம் வகுப்புக்கு எட்டக்கூடிய கணக்குதான் இது. 4.7 டெகாமீட்டரை டெசிமீட்டராக்கும் கணக்கைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

8. ஏழு படிகளில் மூன்று படிகளுக்கு வாழ்க்கையில் வேலையே இல்லை. சாலைப் பலகையில் கிலோமீட்டர், துணிக்கடையில் மீட்டர், பள்ளி ஸ்கேலில் சென்டிமீட்டர், பட்டறை வரைபடத்தில் மில்லிமீட்டர். ஹெக்டோமீட்டர், டெகாமீட்டர், டெசிமீட்டர் மூன்றையும் நீளத்துக்கு யாரும் பயன்படுத்துவதில்லை. வரிசை முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக அவை இருக்கின்றன. ஒரு முறை சொல்லிவிட்டுக் கடந்து போகலாம். அவற்றுக்குப் பயிற்சிக் கணக்கு எதற்கு? அவை வீணாக்கும் நேரத்தில் ஆயிரம் என்ற ஒரே எண்ணைக் கெட்டியாகப் பிடிக்க வைக்கலாம். கிலோமீட்டருக்கு ஆயிரம் மீட்டர், மீட்டருக்கு ஆயிரம் மில்லிமீட்டர். சென்டிமீட்டர் மட்டும் நடுவே வந்து உட்காரும் விருந்தாளி. நான்கு அலகு, மூன்று உறவு. இதற்குப் படிக்கட்டு தேவையே இல்லை.

9. 'முதலில் விதியைப் பழகட்டும், புரிதல் பிறகு வரும்' என்பது நடந்ததே இல்லை. அந்தப் பிறகு எந்த வகுப்பில் வருகிறது? அதற்குள் பரப்பளவு வந்துவிடுகிறது, அதன் பின்னால் அடுத்த பாடம் காத்திருக்கிறது. புரிதலுக்கு என்று பாடவேளை ஒதுக்கிய கால அட்டவணை எந்தப் பள்ளியிலும் இல்லை. விதி மட்டும் கற்றவருக்குக் காலம் செல்லச் செல்ல விதியும் மறந்துபோகிறது.

நேரமும் பொருளும் இல்லை என்ற வாதம் மட்டும் மரியாதையோடு பதில் சொல்லத் தக்கது. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாற்பது பிள்ளைகளைத் தனியாகச் சமாளிக்கும் ஆசிரியர்கள். இதற்குச் செலவு கிடையாது. பழைய செய்தித்தாளை ஒட்டி ஒரு மீட்டர் நீளத்தில் ஆளுக்கொரு நாடா செய்யலாம். அதை மடித்துப் பத்தாகவும், அதில் ஒரு பகுதியை மறுபடி பத்தாகவும் பிரித்துக் கோடு போட்டுவிட்டால் மீட்டரும் சென்டிமீட்டரும் கையிலேயே இருக்கும். பெஞ்சு, ஜன்னல், சாப்பாட்டுத் தட்டு, தன் சாண், தன் நடையின் ஓர் எட்டு என்று முதலில் கண்ணால் மதிப்பிட்டு, பிறகு அளந்து, எவ்வளவு பிசகியது என்று எழுத வேண்டும். இரண்டு பாடவேளை போதும். படிக்கட்டை வரைவது ஐந்து நிமிடம் என்பது சரி. ஆனால் அதன் பிழைகளைத் திருத்த ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் செலவாகும் பாடவேளைகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

விருத்தாசலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்னும் ஒரு படி போகலாம். கைப்பிடி மண் இங்கே எந்தப் பள்ளிக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. மாணவர்கள் செய்த பட்டைகளில் 100 மி.மீ. கோடு கீறி, தினமும் காலையில் அளந்து சுவரில் ஒட்டிய தாளில் எழுதிக்கொண்டே வரலாம். 99, 98, 97 என்று எண் இறங்கும். சூளைக்கு அனுப்ப முடியாவிட்டாலும் காய்வதிலேயே வித்தியாசம் தெரியும். தன் வீட்டில் தினமும் பேசப்படும் தொழில் பள்ளிக் கணக்கில் வருவதைப் பார்க்கும் உரிமை பீங்கான் தொழிலாளியின் குழந்தைக்கு உண்டு. இத்தனை காலம் அதை அந்தக் குழந்தைக்குத் தராதது பாடத்திட்டத்தின் குறை.

வகுப்பறை மாற வேண்டுமானால் வினாத்தாள் முதலில் மாற வேண்டும். கேட்கப்படுவதைத்தான் ஆசிரியர் நடத்துவார். வேறு வழியும் அவருக்கு இல்லை. 'மாற்றுக' என்று பத்துக் கேள்வி வரும்வரை பத்துக் கேள்விக்கும் படிக்கட்டுதான் வரும். பாடநூல் குழுவும் வினாத்தாள் தயாரிப்போரும் டெகாமீட்டர், ஹெக்டோமீட்டர், டெசிமீட்டர் பயிற்சிகளை எடுத்துவிட்டு, வேறு மூன்று வகைக் கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: ஸ்கேலில் 3-இலிருந்து தொடங்கும் ஒரு கோட்டின் நீளம் என்ன, ஒரு கதவுக்குச் சொல்லப்பட்ட நான்கு உயரங்களில் எது நடக்கக்கூடியது, ஏன், 600 மி.மீ. டைல்ஸ் இருபது அடிச் சுவருக்கு எத்தனை வேண்டும். அடுத்த பதிப்பிலேயே இதைச் செய்யலாம்.